அட்டையில் எழும் தீவு: மக்கள் வரையும் வரைபடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடியில் கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர். எந்த இடத்தில் தோண்டுவது, எவ்வளவு ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது என்பதெல்லாம் அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்களுக்குக் கைப்பழக்கம். கடையில் வாங்குகிற வரைபடத்தில் அந்த ஊற்றைத் தேடினால் கிடைக்காது.

சிறிய தீவு எதுவானாலும் அங்கே இப்படி ஏதோ ஒன்று இருக்கும். கடல் மட்டம் உயர்கிறது, புயல் வலுக்கிறது, மழை சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று ஆகிவிட்ட காலத்தில், அந்த அறிவை ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து வரைபடமாக்கும் வேலை பசிபிக்கிலும் கரீபியத் தீவுகளிலும் நடந்திருக்கிறது. அதைப் பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

மக்கள் வரைபடம் என்பது என்ன?

நில அளவையாளர் வந்து அளந்து, அலுவலகத்தில் வரைந்து, ஊருக்கு ஒரு பிரதி அனுப்புவது வழக்கமான முறை. இங்கே அது தலைகீழ். எதை வரைய வேண்டும், அதற்கு என்ன பெயர், என்ன நிறம் என்று முடிவு செய்வது ஊர். வெளியிலிருந்து வருபவர் அட்டை, பசை, அடிப்படை வரைபடம் கொண்டுவருகிறார், அவ்வளவுதான்.

தரையில் குச்சியால் கீறுவதும் மக்கள் வரைபடம்தான். அச்சிட்ட செயற்கைக்கோள் படத்தின் மேல் பேனாவால் எழுதுவதும் அப்படியே. ஆனால் தீவுகளில் அதிகம் பேசப்படுவது அட்டையால் செய்யும் முப்பரிமாண மாதிரி. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீவுக்காரர்களுக்கு வரைபடம் என்பதை வெளியாட்கள் கற்றுக்கொடுக்கவில்லை. மார்ஷல் தீவுகளின் கடலோடிகள் குச்சிகளைக் கட்டி வரைபடம் செய்தவர்கள். வளைந்த குச்சி, தீவில் மோதி வளைந்து வரும் அலை. கட்டிய சோழி, தீவு. வேடிக்கை என்னவென்றால், பயணத்தில் அதை எடுத்துப் போகமாட்டார்கள். கரையிலேயே பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு, கடலில் படகின் ஆட்டத்தை உடம்பால் உணர்ந்து போவார்கள்.

இந்த அட்டை மாதிரி எங்கிருந்து வந்தது?

1980களின் இறுதியில் தாய்லாந்திலும், அடுத்த பத்தாண்டில் பிலிப்பைன்ஸிலும் மலைவாழ் மக்களோடு வேலை செய்தவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். பிலிப்பைன்ஸின் சுற்றுச்சூழல் துறை 2001-இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு இந்த முறையைப் பரிந்துரைத்துச் சுற்றறிக்கையே விட்டது. அங்கே இதில் ஈடுபட்டிருந்த ஜாக்கோமோ ரம்பால்டி என்ற இத்தாலியர், பிறகு நெதர்லாந்தைத் தளமாகக் கொண்ட ஒரு வேளாண் ஒத்துழைப்பு மையத்தின் வழியாக இதைப் பசிபிக்குக்கும் கரீபியனுக்கும் கொண்டுபோனார்.

2005-இல் பிஜியின் ஒவலாவ் தீவில் செய்த மாதிரிதான் பலருக்கும் முன்னோடி. தீவின் 26 கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து லெவுகா ஊரில் கூடிச் செய்தது. 2007-இல் அதற்கு வேர்ல்ட் சம்மிட் அவார்ட் என்ற சர்வதேச விருது கிடைத்தது. பிறகு 2012-இல் டொபேகோ. 2013-இல் கிரெனடா, அதே ஆண்டு செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த யூனியன் தீவு. கரீபியத் தீவுகளில் செய்தபோது பருவநிலை மாற்றம்தான் நேரடியான நோக்கம்: எந்தக் கடற்கரை அரிக்கிறது, எந்த ஓடை பெருகினால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் போகும், எங்கே ஒதுங்கலாம்.

சரி, எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் சம உயரக் கோடுகள் உள்ள ஒரு வரைபடம் வேண்டும். பள்ளிப் புவியியலில் வந்திருக்கும், ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு. அதைப் பெரிதாக்கி அச்சிட வேண்டும். அளவை 1:10,000 என்றால், தாளில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 100 மீட்டர். ஒவலாவ் சுமார் 13 கி.மீ. நீளம், ஆக மாதிரி 1.3 மீட்டர். ஒரு பெரிய மேசை போதும். டொபேகோ 40 கி.மீ. நீளம், அதே அளவையில் 4 மீட்டர் போகும். அதற்கு ஒரு கூடமே வேண்டும்.

அடுத்து அட்டை. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், இந்த அளவையில் ஓர் அட்டையின் தடிமன் 2 மி.மீ. கடற்கரைக் கோட்டைக் கார்பன் தாள் வைத்து முதல் அட்டையில் படியெடுத்து வெட்ட வேண்டும். 20 மீட்டர் கோடு இரண்டாவது அட்டையில், 40 மீட்டர் கோடு மூன்றாவதில். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் படிக்கட்டு போல ஒரு மலை எழும். படிகளைக் காகிதக் கூழால் மெழுகி, காயவைத்து, வெள்ளை பூசினால் பெயரில்லாத ஒரு தீவு தயார். இந்த வெட்டு ஒட்டு வேலையைப் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளிடம் விடுகிறார்கள். அது சாமர்த்தியமான ஏற்பாடு. பிள்ளை செய்த வேலையைப் பார்க்கத் தாத்தா பாட்டி தானாக வருவார்கள்.

தடிமனில் கவனம் வேண்டும். ஒரு கடலோரப் பள்ளியில் நாங்கள் முதன்முதலாகச் செய்து பார்த்தபோது 2 மி.மீ. அட்டை கிடைக்கவில்லை, 3 மி.மீ. வாங்கிவிட்டோம். குன்று ஒன்றரை மடங்கு வளர்ந்துவிட்டது. "சார், இது எங்க ஊரு குன்று இல்ல, இமயமலை" என்றான் ஒரு பையன். (தெரிந்தே உயரத்தைக் கூட்டுவதும் உண்டு. ஒவலாவின் மிக உயர்ந்த சிகரம் சுமார் 625 மீட்டர். 1:10,000-இல் அது வெறும் 6 செ.மீ. கொஞ்சம் தூக்கிக் காட்டினால்தான் ஓடையும் பள்ளமும் கண்ணுக்குப் பிடிபடும். ஆனால் அதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், எங்களைப் போலக் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது.)

பிறகுதான் அறிவை ஏற்றும் வேலை. இடத்துக்குக் குண்டூசி, கோட்டுக்குக் கம்பளி நூல், பரப்புக்கு வண்ணம். கிணறு நீலத் தலைக் குண்டூசி என்றால், வற்றும் கிணறு வேறு நிறம், உப்புத் தட்டிய கிணறு இன்னொரு நிறம். இந்தக் குறிவிளக்கத்தை ஊர்தான் எழுத வேண்டும், ஊர் மொழியில். நாம் "நீர்நிலை" என்று ஒரே பெயரில் அடக்குவதை அவர்கள் நாலு பெயரில் சொல்வார்கள். அந்த நாலு பெயருக்குள்தான் விஷயமே இருக்கிறது.

அந்தப் பள்ளியில் ஒரு வயதான மீனவர் வந்து மாதிரியின் முன் நின்றார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தோம். பிறகு அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போனார். குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, அங்கிருந்து கரையைப் பார்த்தார். அவருக்குக் கரை என்பது படகிலிருந்து தெரிவது. மேலேயிருந்து பார்த்துப் பழக்கமில்லை. "இந்தா, கோபுரமும் குன்றும் நேரா வர்ற இடம். இதுக்கு அடியில பார் இருக்கு" என்று ஊசியைக் குத்தினார். பார் என்றால் கடலடிப் பாறை. அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. தட்டையான தாளாக இருந்திருந்தால் அவர் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் மாதிரியின் மேல் நூலால் கட்டம் போட்டு, மேலேயிருந்து நேராகப் புகைப்படம் எடுத்து, புவியியல் தகவல் மென்பொருளில் ஏற்றுவார்கள். அட்டை ஊரில், கணினி வரைபடம் திட்டமிடுபவரின் மேசையில்.

செயற்கைக்கோள் படம், டிரோன் எல்லாம் இருக்கும்போது அட்டை வெட்டுவது எதற்கு?

செயற்கைக்கோளுக்குத் தெரிவது கூரை. அந்தக் கூரைக்குக் கீழே படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. ஓடை தெரியும், போன புயலில் அந்த ஓடை எந்த மரத்தடி வரை வந்தது என்பது தெரியாது. பவளப்பாறை தெரியும், எந்த மாதத்தில் எந்த மீன் அங்கே முட்டையிட வருகிறது என்பது தெரியாது.

இன்னொரு காரணம் உண்டு. கணினித் திரையின் முன் ஒருவர் மவுஸைப் பிடித்திருப்பார், மற்ற இருபது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மேசையைச் சுற்றி இருபது கை ஒரே நேரத்தில் நீளும். "அங்க இல்லக்கா, இங்க" என்று ஒரு சச்சரவு கிளம்பும் பாருங்கள், அதில் வெளிவரும் தகவல் எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் வராது.

எங்கள் தீவு தட்டை. அங்கே மலையே இல்லையே?

நியாயமான கேள்வி. துவாலு, கிரிபாட்டி, மாலத்தீவு போன்ற பவளத் தீவுகள் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் உயரம். நெடுந்தீவும் தட்டைதான். அங்கே 20 மீட்டருக்கு ஒரு கோடு என்று போய் நின்றால் ஒரே ஓர் அட்டையோடு வேலை முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில் இந்த மாதிரியை வற்புறுத்தாதீர்கள். பெரிதாக அச்சிட்ட வான்படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாள் விரித்து எழுதுவது மேல். ஒரு தாளில் கிணறுகள், இன்னொன்றில் வெள்ளம் வந்த எல்லை, மற்றொன்றில் வழித்தடங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கதை தெரியும். தீவின் மேல் பகுதியை விட்டுவிட்டு கடலடியைப் படிகளாக வெட்டுவதும் ஒரு வழி. மீனவர்களுக்கு அங்கேதான் மலையும் பள்ளமும்.

தட்டைத் தீவில் உயரத்தைக் குறிக்க எளிய வழி சுவர். அந்த ஆண்டு தண்ணீர் இதுவரை வந்தது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஆண்டோடு ஒரு கோடு. அந்தக் கோடுகளைத் தாளில் ஏற்றினால், 30 செ.மீ. வித்தியாசத்தில் எந்தத் தெரு நனைகிறது, எது தப்பிக்கிறது என்பது வந்துவிடும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. அதில் 2006 முதல் 2018 வரை வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது. மலைத் தீவுக்கு இது ஓர் எண். தட்டைத் தீவுக்கு இதுவே வாசற்படி.

மக்களிடம் எதைக் கேட்பது?

"உங்கள் பாரம்பரிய அறிவைச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரும் அப்படி ஒரு மூட்டையைக் கட்டி வைத்திருப்பதில்லை. இடத்தைக் காட்டிக் கேளுங்கள், நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். நான் முதலில் தொடங்குவது தண்ணீரில்.

சிறிய தீவின் அடியில் மழைநீர் ஒரு வில்லை போலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: மேலே 10 செ.மீ. குறைந்தால் அடியில் 4 மீட்டர் போய்விடும். தனுஷ்கோடியில் ஆழமாகத் தோண்டாமல் நிறுத்துகிறார்களே, அது இதே கணக்கு, வேறு மொழியில். குக் தீவுகளைச் சேர்ந்த புகாபுகாவில் 2005-இல் பெர்சி புயலின்போது கடல் உள்ளே ஏறி வந்து இந்த வில்லையைக் கெடுத்தது. அது பழைய நிலைக்குத் திரும்ப 11 மாதம் ஆயிற்று. அப்படி ஒரு நிலையில் எந்தக் கிணறு முதலில் கெடும், எது கடைசிவரை தாங்கும் என்று சொல்லக்கூடியவர், தினம் அதிலிருந்து தண்ணீர் இறைக்கும் பெண்.

அப்புறம் காற்று. யாழ்ப்பாணத் தீவுகளிலும் பாம்பன் பக்கமும் காற்றுக்குத் திசை மட்டுமில்லை, பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். எந்தக் காற்றில் எந்தத் துறையில் படகை ஏற்றிக் கட்ட முடியும் என்பதை ஒரே வரைபடத்தில் குறிக்க முடியாது. காற்றுக்கு ஒரு தாள் வேண்டும்.

ஒதுங்குமிடமும் உணவும் கேட்க வேண்டியவை. சாலமன் தீவுகளில் திக்கோப்பியா என்று 5 சதுர கி.மீ. அளவே உள்ள ஒரு தீவு. 2002 டிசம்பர் 28 அன்று ஸோயி புயல் அதன் மேல் ஏறியது. வீடும் தோட்டமும் போயின. வெளியுலகுக்குப் பல நாள் செய்தியே இல்லை, எல்லோரும் செத்திருப்பார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஒருவரும் சாகவில்லை. உயரமான இடத்தில் பாறை இடுக்குகளில் ஒதுங்கியிருந்தார்கள். ஈரப்பலாவைக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்து, தோட்டம் அழிந்தாலும் மாதக்கணக்கில் சாப்பிடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அந்தப் பாறை எங்கே, அந்தக் குழி எங்கே என்பதுதான் வரைபடத்துக்குரிய கேள்வி.

யாரைக் கூப்பிட வேண்டும்? தலைவரைப் பார்த்தால் போதாதா?

போதாது. தலைவரைப் பார்க்காமல் தொடங்கவும் முடியாது. முதல் மரியாதை அவருக்கு, பிறகு மற்றவர்கள்.

ஒரே தீவை ஆணும் பெண்ணும் வேறு வேறாக அறிவார்கள். பசிபிக் தீவுகள் பலவற்றில் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போக, அலை வற்றிய நேரத்தில் பாறைமேட்டில் சிப்பியும் நண்டும் பொறுக்குவது பெண்கள். பாம்பன் தீவில் கடல்பாசி எடுக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். எந்தப் பாறையில் பாசி குறைகிறது, எது வெளுத்துப் போகிறது என்பதை அவர்களைக் கேட்காமல் வரைந்தால், தீவைச் சுற்றி ஒரு வெற்று வளையம்தான் கிடைக்கும்.

ஆகவே பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். சமையல் வேளையில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள். அடுத்து, வந்தேறியவர்கள், கூலிக்கு வேலை செய்பவர்கள், நிலமில்லாதவர்கள். ஓடைக்கரையில், தாழ்வான இடத்தில் குடியிருப்பது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களில் ஒருவர்கூடச் சபையில் இல்லாமல் வெள்ள அபாய வரைபடம் போடுவது என்ன நியாயம்?

பெரியவர்கள் சொல்வது தவறாக இருந்தால்? பருவமே மாறிவிட்டதே?

இரண்டும் நடக்கும். நினைவு பிசகும்; பிசகாவிட்டாலும், அன்று சரியாக இருந்த அடையாளம் இன்று பொய்க்கலாம். ஒரு மரம் பூத்தால் ஒரு மீன் வரும் என்ற கணக்கில், மரம் வெப்பத்தைப் பார்த்துப் பூக்கிறது, மீன் நீரோட்டத்தைப் பார்த்து வருகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் மாற வேண்டும் என்று சட்டம் இல்லை.

அதற்காக அந்தத் தகவலைத் தூக்கிப் போட வேண்டாம். ஆண்டைக் கேட்டு எழுதுங்கள். "என் கல்யாணத்துக்கு முன்னாடி கடல் அந்தத் தென்னைக்கு அப்பால இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், கல்யாணம் எந்த ஆண்டு என்று கேட்டால் கரை அரிப்புக்கு ஒரு தேதி கிடைத்துவிடும். பழைய வான்படத்தோடு ஒப்பிடலாம். ஒரே விஷயத்தை மூன்று குழுக்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒத்துப்போகாத இடத்தை அழித்துச் சமப்படுத்தாமல், தகராறு என்று ஒரு தனி நிற ஊசி குத்தி விடுங்கள். எனக்குத் தெரிந்து அந்த ஊசிகளைச் சுற்றித்தான் அடுத்த கூட்டம் சூடுபிடிக்கும்.

வரைபடம் செய்த தீவுகள் புயலில் தப்பித்தனவா?

இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் பிஜியை அடித்தது. நாடு முழுவதும் 44 பேர் இறந்தார்கள், ஒவலாவும் அடிவாங்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் யூனியன் தீவின் வீடுகளில் சுமார் 90 விழுக்காட்டை நாசம் செய்தது. குண்டூசி கூரையைப் பிடித்து வைக்காது. வீட்டைப் பலமாகக் கட்டக் காசு வேண்டும்.

பிறகு என்ன பயன் என்றால், புயலுக்கு முந்தைய பத்தாண்டிலும் பிந்தைய பத்தாண்டிலும் எடுக்கும் முடிவுகளில்தான். அதே யூனியன் தீவில் ஆஷ்டன் என்று ஒரு களப்பு, அதாவது கடலோடு இணைந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு, இருக்கிறது. 1990களின் நடுவில் ஒரு நிறுவனம் அங்கே உல்லாசப் படகுத் துறை கட்டுகிறேன் என்று களப்பின் குறுக்கே பாதை போட்டது, பிறகு பணம் தீர்ந்து அப்படியே விட்டுப் போய்விட்டது. நீரோட்டம் நின்றது. தண்ணீர் தேங்கி, அலையாத்தி மரங்களும் கடற்புல்லும் பவளமும் சீரழிந்தன. அந்தத் தடுப்புகளில் வழி திறந்து தண்ணீரை மறுபடி ஓடவிட்ட சீரமைப்பு வேலை 2019-இல்தான் முடிந்தது. கால் நூற்றாண்டு! அலையாத்தி நின்றால் அலையின் வேகம் குறையும் என்பது தெரிந்த விஷயம். களப்பில் தண்ணீர் எந்த வாயில் வழியாக வந்து எந்த வாயில் வழியாகப் போகிறது என்பதை மீனவரிடம் ஒரு நாள் கேட்டிருந்தால் அந்தப் பாதையைப் போடும் யோசனையே வந்திருக்காது.

இடம்பெயர வேண்டிய ஊருக்கும் இது தேவை. பிஜியில் வுனிந்தோங்கோலோவா கிராமம் 2014-இல் கடற்கரையை விட்டு மேட்டுக்கு மாறியது. வீடு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். விட்டுப் போகும் கல்லறைகளையும், படகு ஏறும் துறையையும் வரைபடத்தில் வைத்திருந்தால்தான் பேரப்பிள்ளைகளுக்கு அவை எங்கே என்று காட்ட முடியும்.

தெரிந்ததையெல்லாம் குறித்துவிடலாமா?

கூடாது. என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான், பயிற்சிகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

கடலடியில் வாழும் கடலட்டை என்ற உயிரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. ஆனால் கள்ளச்சந்தை விலை அதிகம். அது எங்கே அடர்த்தியாகக் கிடக்கிறது என்று நீங்கள் ஓர் ஊசி குத்தி இணையத்தில் ஏற்றினால், அடுத்த வாரம் யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மூலிகை, புனித இடம், மீன் முட்டையிடும் பார் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து.

எல்லைக் கோடு இன்னொரு வெடி. பிஜியில் நிலத்தின் பெரும்பகுதி மத்தங்காலி எனப்படும் குலக் குழுக்களுக்குப் பொதுவில் சொந்தம். மீன்பிடிப் பரப்புக்கும் மரபான உரிமை உண்டு. பேச்சில் "அந்த ஓடை பக்கம்" என்று இளகலாக இருக்கும் எல்லை, சிவப்புக் கம்பளி நூலாக மாறும்போது இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தும். வெள்ள வரைபடம் போட வந்தால் வெள்ளத்தைப் போடுங்கள். நில எல்லை தேவையில்லையென்றால் தொடாதீர்கள்.

நான் சொல்லும் நடைமுறை: மாதிரியில் குத்தும் முன் ஒவ்வொரு வகைக்கும் "இது எல்லோருக்குமா, ஊருக்கு மட்டுமா, இந்தக் குடும்பத்துக்கு மட்டுமா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் என்றால் அது வாயோடு இருக்கட்டும். புகைப்படம் எடுக்கும் முன் சில ஊசிகளைப் பிடுங்கிவிட்டு எடுப்பதும் உண்டு.

வரைபடம் கடைசியில் யாருடையது?

செய்தவர்களுடையது. ஆனால் எழுத்தில் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவருடையதாகிவிடும். மூலம் ஊரில் இருக்க வேண்டும், பிரதிதான் வெளியே போக வேண்டும், யாருக்கு எதற்குக் கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு வேண்டும். திட்டங்கள் முடியும், அமைப்புகள் மூடப்படும். பசிபிக், கரீபிய மாதிரிகளுக்குப் பின்னால் இருந்த அந்த நெதர்லாந்து மையமே 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இணைப்பு வேலை செய்யாமல் போகும் நாளிலும் மேசை இருக்கும்.

கைபேசிச் செயலியில் இதைச் செய்ய முடியாதா?

முடியும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இளைஞர்கள் வீடும் வழியும் ஏற்றுவது பேரிடருக்குப் பிறகு மீட்புக்குழுவுக்கு உடனே உதவும். ஆனால் செயலி தனியாளிடம் பேசும். முதலில் மேசை, பிறகு செயலி என்ற வரிசை எனக்குப் பிடித்தது.

சுனாமிக்கும் உதவுமா?

ஓடும் வழியைக் குறிக்க உதவும். ஓட வேண்டும் என்ற எண்ணம் வரைபடத்திலிருந்து வருவதில்லை. சுமத்ராவுக்கு அருகே சிமெலு என்ற தீவு, 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். 1907-இல் வந்த பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள்: தரை பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. நம் கரையில் அன்று பலர் உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்க இறங்கினார்கள்.

ஆக, பாட்டாக இருப்பதைப் பாட்டாகவே விடுங்கள். எந்த மேட்டுக்கு, எந்த வேலியை வெட்டினால் சீக்கிரம் போகலாம் என்பதை மாதிரியில் குறியுங்கள்.

எத்தனை நாள், எவ்வளவு ஆள்?

மலைத் தீவு ஒன்றுக்கு அட்டை வேலைக்கு ஒரு வாரம், நிரப்ப ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு சம்மதம் வாங்கப் பல மாதம். மீன்பிடிப் பருவத்தையும் திருவிழாவையும் பார்த்துத் தேதி குறியுங்கள். செலவில் பெரிய பங்கு அட்டைக்கு ஆகாது, சாப்பாட்டுக்கும் படகுக்கும்தான் ஆகும். வருபவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மாதிரியைப் பிறகு எப்படிப் பாதுகாப்பது?

தீவின் ஈரக்காற்றில் அட்டை உப்பிப்போகும், கரையான் வரும், பிள்ளைகள் ஊசியைப் பிடுங்குவார்கள். அடியில் மரப்பலகை, நாலு கால், மேலே தூசி மூட ஒரு துணி. பூட்டிய அறையில் வைத்தால் நன்றாக இருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். பள்ளி வராந்தாவில் வைத்தால் ஐந்து ஆண்டில் தேயும், ஆனால் தினமும் யாராவது அதன் மேல் விரல் வைப்பார்கள். நான் வராந்தாவுக்கே ஓட்டுப் போடுவேன். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பு, துணியை எடுத்துவிட்டு எந்தக் கிணறு நிறம் மாற வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு டப்பாவில் நீலம், சிவப்பு, மஞ்சள் ஊசிகள் எப்போதும் இருக்கட்டும். நீலம்தான் முதலில் தீரும் என்று நினைத்து நாங்கள் அதைத்தான் அதிகம் வாங்கினோம். தீர்ந்தது உப்புக் கிணற்றுக்கு வைத்திருந்த மஞ்சள்.